பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்கு நாவலில் இடம் உண்டா?

18 ஜனவரி 2025, மாலை

எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த மாதம் எடுத்த நாவலை நேற்று ராத்திரி முடித்தேன். கணவனைப் பறிகொடுத்த ஒருத்தி கவுன்சிலிங் போகிறாள். மொத்தம் ஒன்பது தடவை. ஏழாவது தடவையில், கல்யாணத்துக்கு முன்னால் நடந்த ஒரு விஷயம் வெளியே வந்துவிடுகிறது. உடைந்து அழுகிறாள். ஜன்னலுக்கு வெளியே சரியாக அந்த நேரத்துக்கு மழை. ஒன்பதாவது முடிந்து வாசலில் செருப்பை மாட்டும்போது முகத்தில் வெயில் விழுகிறது. முற்றும்.

நன்றாக எழுதவில்லை என்று சொல்ல வரவில்லை. மதுரைக் கதையில் மழை இவ்வளவு சொன்ன பேச்சு கேட்குமா என்பதைக்கூட விட்டுவிடலாம். என் கேள்வி வேறு. அந்த ஒன்பது தடவையும் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தது யார்? அவள் உள்ளே அழுத முக்கால் மணி நேரமும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது யார்? அவளுடைய அண்ணன் என்று முதல் அத்தியாயத்தில் ஒரு வரி இருக்கிறது. அப்புறம் அந்த ஆளையே காணோம்.

ஏழு மாதமாக நான் அப்படி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், சனிக்கிழமை சனிக்கிழமை. போன மாசியில் என் மனைவி இறந்துபோனாள். மூளையில் ரத்தக்கசிவு. ஐந்தே நாள். மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது. பரீட்சையை நன்றாகவே எழுதினாள், நல்ல மார்க்கும் வாங்கினாள். ஜூனில் பிளஸ் ஒன் சேர்ந்த பிறகுதான் பேச்சு குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றே போனது.

துக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் கதவுக்கு உள்ளே நடப்பதை மட்டும் எழுதுகிறார்கள், பாதிக் கதை வெளியே கிடக்கிறது என்பது என் கட்சி. மறுக்கிறவர்கள் வரலாம்.

18 ஜனவரி, ராத்திரி 11 மணி

நாவல் பெயர் என்ன என்று மூன்று பேர் கேட்டாயிற்று. சொல்ல மாட்டேன். எழுதியவர் எங்கள் வட்டத்துக்கே வருகிறவர். வரும்போது கை முறுக்கு கொண்டுவருகிறவர். அந்த முறுக்கை இழக்க நான் தயாராக இல்லை.

20 ஜனவரி

"நம்மிடம் ஒப்பாரி இருக்கும்போது எதற்குக் காசு கொடுத்து அழ வேண்டும்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நானும் அப்படி நினைத்தவன்தான். முதல் நாள் பணம் கட்டி ரசீதை வாங்கியபோது, கூலிக்கு மாரடிக்கிற வேலைதானே இது, ஏசி மட்டும் கூடுதல் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். ஆனால் ஒப்பாரியைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்கிறேன்.

திருமங்கலம் பக்கம் என் மனைவியின் ஊர். கேதத்துக்கு அங்கிருந்து இரண்டு வேனில் பெண்கள் வந்தார்கள். வந்து இறங்கியதும் வட்டமாகத் தோளில் தோள் கோத்து உட்கார்ந்து ஆரம்பித்தார்கள். மாமியார் வீட்டுப் பெரியத்தா பாடியதில் பாதி என் மனைவிக்கு. மீதி, முப்பது வருசத்துக்கு முன்னால் கிணற்றில் விழுந்து செத்த தன் மகனுக்கு. யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒப்பாரியின் பெரிய குணமே அதுதான். ஒரு சாவில் எல்லோரும் அவரவர் சாவை அழுதுகொள்ளலாம்.

மகள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி அவள் தலையை இழுத்துத் தோளில் சாய்த்து, "அழுதுரு தாயி, உள்ள வச்சுக்காத, அழுதுரு" என்றாள். இவள் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநாள் கழித்து என்னிடம் சொன்னது: "எல்லாரும் நான் எப்ப அழுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தாங்கப்பா. அதனாலயே வரல." அழத் தெரிந்தவர்களுக்கு ஒப்பாரியைப் போல இடம் வேறு கிடையாது. அழுகை வராதவளுக்கு அது பரீட்சை ஹால்.

நானா? நான் வெளியே பந்தலில் தண்ணீர்க் கேன் எண்ணிக்கொண்டிருந்தேன். பிளாஸ்டிக் நாற்காலி. இப்போது யோசித்தால், அன்றைக்கே எனக்குப் பெஞ்ச் ஒதுக்கியாகிவிட்டது.

இன்னொன்று. மூன்றாம் நாள் பால் தெளிப்பு, பதினாறாம் நாள் கருமாதி, எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது, முறை இருந்தது, சமையல்காரர் இருந்தார். பதினேழாம் நாள் காலையில் வீட்டில் நானும் அவளும் ஒரு அண்டா மிச்சச் சோறும். பதினேழாம் நாளுக்கு நம்மிடம் ஒரு சடங்கும் இல்லை.

23 ஜனவரி

துக்கத்தின் ஐந்து படிகளை ஒருவர் வரிசையாகப் போட்டிருக்கிறார். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. இதை நானும் கரைத்துக் குடித்தவன். காலண்டரில் பென்சிலால் குறித்தேகூட வைத்திருந்தேன், மகள் இன்றைக்கு எந்தப் படியில் இருக்கிறாள் என்று. கீழமாசி வீதியில் மளிகை மொத்தக்கடையில் கணக்கு எழுதுகிறவன், எதையும் கட்டம் போட்டுத்தான் புரிந்துகொள்வேன்.

அப்புறம்தான் தெரிந்தது. இந்தப் படிகளைச் சொன்ன மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969இல் எழுதியது, யாரையாவது இழந்தவர்களைப் பற்றி அல்ல. தானே சாகப்போகிற நோயாளிகளிடம் பேசிக் கண்டதை எழுதினார். இழந்தவர்கள் தலையில் அதைக் கொண்டுவந்து வைத்தது பிற்பாடு. படிப்படியாக ஏறி ஐந்தாவதில் உட்கார்ந்துவிடலாம் என்பதற்கும் பெரிய ஆதாரம் இல்லை. எங்கள் வீட்டில் ஒரே காலையில் மூன்று படி ஏறி நாலு படி இறங்கியிருக்கிறோம், அதுவும் இட்லி வேகிற நேரத்துக்குள்.

நான் விமர்சிக்கிற நாவலிலும் இந்த ஐந்தும் வரிசை மாறாமல் வருகிறது. அத்தியாயத் தலைப்பு போடாததுதான் பாக்கி.

24 ஜனவரி

சின்ன விஷயம். ஆரம்பத்தில் பக்கத்து வீட்டு அக்கா, "சனிக்கிழமையானா எங்க கிளம்பிர்றீங்க" என்று கேட்டார். கவுன்சிலரைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டேன். "அப்படியே நம்ம தெருவுல சாக்கடை அடைச்சுக் கிடக்குறதையும் சொல்லிருங்க" என்றார். ஒரு மாதம் விசாரித்துக்கொண்டே இருந்தார். வார்டு கவுன்சிலர் வேறு, இவர் வேறு என்று விளக்க எனக்குத் தைரியம் வரவில்லை. சாக்கடையைக் கடைசியில் வேறு யாரோ சரிசெய்தார்கள். பேர் எனக்கு.

1 பிப்ரவரி, சனி

பெஞ்ச் பெஞ்ச் என்கிறீர்களே, அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று கேட்ட தம்பிக்கு.

பச்சை ரெக்சின் போட்ட பெஞ்ச். வலது ஓரத்தில் கிழிந்து ஸ்பாஞ்ச் தெரியும். அங்கே உட்காருகிறவர்கள் அத்தனை பேரும் தன்னை அறியாமல் அதைக் கிள்ளுவார்கள். ஜூனில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு இருந்த ஓட்டை இப்போது உள்ளங்கை அளவு. அதில் என் பங்கும் உண்டு. எதிரே தண்ணீர்க் கேன். எவர்சில்வர் டம்ளரைச் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். டம்ளரை யாரும் கொண்டுபோய்விடக் கூடாது, வேறொன்றுமில்லை. ஆனால் இந்த மாதிரி இடத்தில் சங்கிலியைப் பார்த்தால் எங்கள் தலைமுறைக்கு ஏர்வாடிதான் ஞாபகம் வரும். 2001 ஆகஸ்ட் 6, விடிகாலையில் அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிக் கிடந்த 28 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகும் எங்கள் சொந்தத்தில் ஒருவர், "என்னப்பா, பிள்ளைய ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போறியாமே" என்று போனில் கேட்டார். கிண்டலாகத்தான். மெட்ராஸ்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ, நமக்கு அது. கிண்டல் என்றாலும் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

பெஞ்சுக்கு என்று ஒரு மரியாதை உண்டு. யாருக்காக வந்தீர்கள் என்று கேட்கக் கூடாது. எந்த ஊர் என்று கேட்கலாம். உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒருவர் வருவார், மனைவியோடு. பேப்பரை இரண்டாகப் பிரித்து உள்தாளை என்னிடம் நீட்டுவார். ஏழு மாதத்தில் எங்கள் பேச்சு மொத்தம் இவ்வளவுதான்: "டீ?" "இப்பத்தாண்ணே."

கதவு நல்ல கதவு. உள்ளே பேசுவது ஒன்றும் கேட்காது. நாற்காலி இழுபடும் சத்தம் மட்டும் கேட்கும். கவுன்சிலர் எழுந்தால் சக்கரம் உருளும். என் மகள் எழுந்தால் இரும்புக் கால் தரையில் கிறீச்சிடும். அந்தச் சத்தத்துக்கு நான் எழுந்து நின்றுவிடுவேன். பள்ளிக்கூட வாசலில் நிற்கிற மாதிரி.

முடிந்ததும் வண்டியை நேராக ஒரு பருத்திப்பால்காரரிடம் விடுவேன். முதல் இரண்டு மாதம் டம்ளரைச் சூட்டுக்குக் கையில் வைத்திருப்பாள், குடிக்க மாட்டாள். ஆடை படிந்த பிறகு திருப்பிக் கொடுத்துவிடுவாள். பால்காரர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மூன்றாவது மாதம் ஒருநாள் ஒரு வாய் குடித்துவிட்டு, "சுக்கு பத்தல" என்றாள். எழுத எனக்கு வருமென்றால் ஒரு அத்தியாயத்தையே அந்த இரண்டு வார்த்தைக்குக் கொடுப்பேன்.

2 பிப்ரவரி

நேற்றுப் போட்டதைப் பார்த்துவிட்டு ராத்திரி ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார். காலையில்தான் பார்த்தேன். அந்த மாதிரி ராத்திரியில் என்னை நம்ப வேண்டாம், நான் பத்தரைக்குத் தூங்கிவிடுகிறவன். 14416, டெலி மானஸ், மத்திய அரசின் மனநல உதவி எண். 2022 அக்டோபரில் ஆரம்பித்தது. ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. தமிழக அரசின் 104 இருக்கிறது. இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள். அவரிடம் காலையிலேயே பேசிவிட்டேன்.

9 பிப்ரவரி

மதுரைக்காரன் துக்கத்தைப் பேசிவிட்டுக் கண்ணகியை விட்டால் எப்படி.

ஊரை எரித்தது எல்லோருக்கும் தெரியும். எரித்த பிறகு சிலப்பதிகாரத்தில் வருகிற கட்டுரை காதையை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. பள்ளிக்கூடத்திலும் தீயோடு மணி அடித்துவிட்டது. ஊர் எரிந்துகொண்டிருக்கிறது. அவள் தெருத் தெருவாக அலைகிறாள். அவளுக்கு நேர் எதிரே வந்து நிற்க மதுராபதிக்கு, இந்த ஊர்த் தெய்வத்துக்கே, தைரியமில்லை. பின்னாலேயே வருகிறது. திரும்பிய கண்ணகி கேட்கிறாள்: என் பின்னால் வருகிற நீ யார், என் துன்பம் என்னவென்று உனக்குத் தெரியுமா?

இதைப் போன வாரம் பெஞ்சில் உட்கார்ந்து படித்தபோது தூக்கிவாரிப்போட்டது. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த பிராய்டும் பின்னால்தான் உட்காருவார். வந்தவரைச் சாய்ந்து படுக்கவைத்துவிட்டு, கண்ணில் படாமல் தலைமாட்டுக்குப் பின்னால் நாற்காலி போட்டுக்கொள்வார். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஆட்கள் தன்னையே உற்றுப் பார்ப்பதைத் தாங்க முடியவில்லை என்று அவரே காரணமும் சொல்லியிருக்கிறார். மதுராபதிக்கும் அதே பிரச்சினைதான்! துக்கத்தில் இருப்பவரின் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பது தெய்வத்துக்கே ஆகாத காரியம் என்று இளங்கோவுக்குத் தெரிந்திருக்கிறது. தமிழில் முதல் கவுன்சிலிங் நடந்தது எரிகிற மதுரையில் என்று ஒரு கட்டுரையே எழுதிவிடலாம் போல இருக்கிறது.

11 பிப்ரவரி

கட்டுரை எழுதப் போவதில்லை. ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் வந்து காதைத் திருகிவிட்டார். அவர் சொல்வது சரி. மதுராபதி எங்கே கேட்டது? உன் துன்பத்தை அறிவேன் என்று ஒரு வார்த்தை. அப்புறம் முழுக்கத் தெய்வம்தான் பேசுகிறது. என் குறையைக் கேள், பாண்டியன் நல்லவன், போன பிறவியில் உன் கணவன் ஒரு அப்பாவியை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்தான், செத்தவனின் மனைவி நீலி 14 நாள் அழுது அலைந்து மலையிலிருந்து விழுந்தாள், அவள் சாபம் இது, உனக்கும் 14 நாள்தான். இது கவுன்சிலிங் இல்லை. கேதம் கேட்க வந்து, விதி விதி என்று காரணம் சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போகிற சித்தப்பா.

அவரே இன்னொன்றும் சொன்னார். கிழக்கு வாசல் வழியாகக் கணவனோடு வந்தேன், மேற்கு வாசல் வழியாகத் தனியாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, வைகைக் கரையைப் பிடித்து நடந்தாளே, அந்த நடையில் அவளுக்குப் பக்கத்தில் யாருமே இல்லை. ஆமாம். பதினாலாம் நாள் மலையில் அவளை வானுலகுக்குக் கூட்டிப்போக விமானம் வந்துவிட்டது. அவளுக்குப் பதினேழாம் நாள் என்ற ஒன்றே வரவில்லை.

இந்தக் காலத்துக் கவுன்சிலர்கள் எதிரேதான் உட்காருகிறார்கள், பின்னால் அல்ல என்றும் ஒரு திருத்தம் வந்திருக்கிறது. ஏற்றுக்கொள்கிறேன்.

15 பிப்ரவரி, சனி

இன்றைக்கு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். ஏழெட்டு மாதத்தில் முதல் தடவை. இரும்பு நாற்காலியில் மகள், பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூல். ஏதோ பெரிதாகக் கேட்கப்போகிறார்கள் என்று கைக்குட்டையெல்லாம் பையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"வீட்ல அவங்க பேரை யாராச்சும் சொல்றீங்களா சார்?"

இவ்வளவுதான் கேள்வி. சொல்லுவோமே என்றேன். மகள் சுவரைப் பார்த்தாள்.

"கடைசியா எப்ப சொன்னீங்க?"

கணக்குப்பிள்ளை இல்லையா, எண்ணிப் பார்த்தேன். வாரிசுச் சான்றிதழுக்கு ஒரு அலுவலகத்தில் எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அது ஆகஸ்ட். வீட்டில்? "உங்கம்மா" என்பேன். "அவ" என்பேன். "இருந்தப்ப" என்று ஆளே இல்லாமல்கூட ஒரு வாக்கியத்தை ஓட்டிவிடுவேன். பேர் வரவில்லை.

"அப்பா சொல்லவே மாட்டாங்க" என்றாள் மகள். "கேஸ் அண்ணன் மட்டுந்தான் சொல்லுவாங்க."

கவுன்சிலர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார். நான் பையிலிருந்த கைக்குட்டையை எடுக்கவே இல்லை, அது வேறு விஷயம்.

16 பிப்ரவரி

கேஸ் அண்ணன் என்றால் என்ன என்று எல்லோரும் கேட்டாயிற்று. சொல்கிறேன், அதற்கு முன்னால் காகிதக் கதை.

அவள் போன பிறகு ஆறு மாதம் நான் செய்தது காகித வேலை. இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டில் பெயர் நீக்கம், வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, எல்ஐசி, மகளிர் குழுவில் பாக்கி 4,200 ரூபாய். ஒவ்வொன்றுக்கும் மூன்று நகல், ஒரு கையெழுத்து. நான் பைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோது மகள் அம்மாவின் பழைய நைட்டியைப் போட்டுக்கொண்டு பகலெல்லாம் படுத்திருந்தாள். இவள் இப்படிக் கிடக்கிறாளே என்று எனக்கு. இவர் இப்படி ஓடுகிறாரே என்று அவளுக்கு.

ஸ்ட்ரோப், ஷூட் என்று இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1999இல் ஒரு விஷயம் எழுதினார்கள். துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கம் கொஞ்சம், மிச்ச வாழ்க்கையைச் சரிசெய்யும் பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறிப் போய்வருவார், அப்படிப் போய்வருவதுதான் ஆரோக்கியம் என்று. ஊஞ்சல் மாதிரி. எங்கள் வீட்டில் ஊஞ்சலே ஆடவில்லை. ஒரு பக்கம் முழுக்க நான், மறுபக்கம் முழுக்க அவள். ஒரு ஆளுக்குள் நடக்க வேண்டியதை இரண்டு ஆளாகப் பிரித்துக்கொண்டோம். வேலைப் பங்கீடு!

கேஸ் இணைப்பு மட்டும் இன்னும் அவள் பேரில் இருக்கிறது. நேரம் கிடைக்கவில்லை.

2 மார்ச்

தலைத்திவசம் முடிந்தது. பேச்சியம்மன் படித்துறையில் கொடுத்தோம். வைகையில் தண்ணீர் இல்லை, குழாயில் பிடித்துக்கொண்டோம்.

நீண்ட துக்கம் என்பதை அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2022 மார்ச்சில் ஒரு நோயாகவே சேர்த்தது. பெரியவர்களுக்கு 12 மாதம் தாண்டியும் அன்றாடம் ஏங்கிக்கொண்டே இருந்து, வாழ்க்கை நடக்காமல் போனால்தான் அந்தப் பேர். பிள்ளைகளுக்கு 6 மாதம். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் எல்லோருக்குமே 6 மாதம்தான். முதலில் படித்தபோது, துக்கத்துக்கும் எக்ஸ்பைரி தேதி போட்டுவிட்டார்களா என்று கோபம் வந்தது. அப்புறம் பிண்டம் வைத்துக்கொண்டிருந்தபோது தோன்றியது, நாமும்தானே ஒரு வருசம் என்று கணக்கு வைத்திருக்கிறோம். அதுவரை கோயில் குளம் இல்லை, விசேஷம் இல்லை, தீபாவளி இல்லை. ஆளை ஒரு வருசம் விட்டுவைக்கிறோம். அப்புறம் பிடித்து இழுக்கிறோம். இரண்டு பேர் கணக்கும் ஏறத்தாழ ஒத்துப்போகிறது.

பிராய்டையும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். 1917இல் அவர் எழுதியது, இறந்தவர் மேல் வைத்த பிடிப்பை ஒவ்வொன்றாக அவிழ்ப்பதுதான் துக்கத்தின் வேலை, அவிழ்ந்தால் மனம் விடுதலையாகும் என்று. 1920இல் அவருடைய மகள் சோஃபி ஃப்ளூ காய்ச்சலில் இறந்துபோனாள். ஒன்பது வருசம் கழித்து, அவள் இருந்திருந்தால் 36வது பிறந்தநாள் என்ற தேதியில், மகனை இழந்த நண்பருக்குக் கடிதம் எழுதுகிறார். அந்த இடத்தை எது வந்து நிரப்பினாலும் அது வேறாகத்தான் இருக்கும், அப்படி இருப்பதுதான் சரி என்கிறார். அவரும் தன் பதிவுக்குக் கீழே தானே ஒரு திருத்தம் போட்டிருக்கிறார், என்னை மாதிரி.

3 மார்ச்

நேற்று எழுத விட்டது. எங்கள் தெருவில் சாயங்காலம் பூக்காரம்மா வருவார். தினமும் இரண்டு முழம் மல்லி எங்கள் வீட்டுக்கு, மாதம் பிறந்தால் கணக்கு. அவள் போன பிறகு, நாலு வீடு முன்னாலேயே கூவுவதை நிறுத்திவிட்டு, எங்கள் வாசலைச் சத்தமில்லாமல் தாண்டி, முக்கு திரும்பியதும் மறுபடி ஆரம்பிப்பார். ஒரு வருசமாக. நேற்றுத் திவசம் முடிந்து வந்து உட்கார்ந்திருந்தபோதும் அப்படித்தான் போனார்.

புறநானூற்றில் குடவாயில் கீரத்தனார், ஒல்லையூர்ச் சாத்தன் செத்த பிறகு முல்லையைப் பார்த்துக் கேட்பாரே, சூட யாருமில்லாத இந்த ஊரில் நீயும் பூத்தாயா என்று. அங்கே பூவுக்கு விவஸ்தையில்லை. எங்கள் தெருவில் பூ விற்கிறவருக்கு இருந்தது. ஆனால் அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பது ஒரு தனி வேதனை. கூவிக்கொண்டே போங்கள் என்று இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

9 மார்ச்

வாசகர் வட்டம் நடந்தது. நாவலாசிரியரும் வந்தார், முறுக்கோடு. இந்த இழையை அவர் முழுக்கப் படித்திருக்கிறார் என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. எனக்குத் தொண்டையில் முறுக்கு. அவர் சொன்னதை அவரிடம் அனுமதி கேட்டுத்தான் இங்கே போடுகிறேன்.

பெஞ்சைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். அந்த அண்ணனை ஏன் பாதியில் விட்டுவிட்டீர்கள்?

"என்கூட வந்து வெளிய உட்கார யாருமில்லண்ணே. ஒரு அண்ணன் வந்தா எப்படி இருக்கும்னு நினைச்சு ஒரு வரி எழுதுனேன். அதுக்கு மேல அவரு என்ன செய்வாருன்னு எனக்குத் தெரியல."

வட்டத்தில் ஒரு நிமிசம் யாரும் பேசவில்லை. எனக்கு அந்த 18 ஜனவரிப் பதிவை எடுத்துவிடலாமா என்று இருந்தது. அவர்தான் இருக்கட்டும் என்றார். ஐந்து படி விஷயத்தை ஒத்துக்கொண்டார், அதைப் படித்துவிட்டுத்தான் எழுதினாராம். ஏழாவது அமர்வில் வெளிவரும் அந்த ரகசியமும் கற்பனையாம். அவர் போனபோது அப்படி எந்த ரகசியமும் வெளியே வரவில்லை, ஒன்பது தடவையும் தூக்கம் வருகிறதா, சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்டார்களாம், அதை எழுதினால் யார் படிப்பார்கள் என்று மாற்றிவிட்டாராம். நான் படிப்பேன் என்றேன்.

"ஆனா ஒண்ணுண்ணே, அந்த மழை நிஜம். அன்னைக்கு அரசரடியில முழங்கால் தண்ணி."

மழை பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

8 மே

இரண்டு மாதம் எழுதவில்லை. ஏப்ரல் வருசக் கணக்கு முடிப்பு.

இன்றைக்கு மீனாட்சி திருக்கல்யாணம். தெரியாதவர்களுக்கு: அம்மனுக்குத் தாலி ஏறுகிற நேரத்தில் மதுரையில் கல்யாணமான பெண்கள் புதுச் சரடு மாற்றிக்கொள்வார்கள். வீட்டில் டிவி முன்னாலும் மாற்றுவார்கள். என் மனைவி பொங்கல் முடிந்ததுமே சரடு வாங்கி வைத்துவிடுகிறவள், அப்புறம் விலை ஏறிவிடுமாம். சரடுக்கு என்ன விலை ஏறப்போகிறது! போன வருசம் வாங்கியது, மஞ்சள் கிழங்கோடு, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், பீரோவில் புடவைக்கு அடியில் இருந்தது. அதை நான் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி மூடி வைத்திருந்தேன். மகளும் அப்படியே செய்திருக்கிறாள் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

டிவியில் கூட்டம் குலவை போட்டபோது அவள் எழுந்துபோய் அதை எடுத்துவந்தாள். என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுக்கலாமா என்றாள். செத்தவள் வாங்கின சரடு, அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று எனக்குப் பயம். "கேட்டுத்தான் பாப்போமேப்பா" என்று போனாள். அக்கா வாங்கிக்கொண்டாராம். கட்டிக்கொண்டாரா, சாமி படத்தில் வைத்தாரா, தெரியாது. மகள் திரும்பி வரும்போது கையில் ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல்.

24 மே, சனி

பருத்திப்பால் குடித்துவிட்டு வீட்டுக்குள் நுழையவும் கேஸ் வண்டி வரவும் சரியாக இருந்தது.

பிப்ரவரியில் நேரம் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா. அது பொய். எங்கள் ஏஜென்சி வீட்டிலிருந்து இருபது நிமிசம். வங்கிக்கு ஐந்து தடவை போனவனுக்கு அங்கே ஒரு தடவை போக முடியாதா? சிலிண்டர் கொண்டுவருகிறவர் வாசலில் இறக்கி உருட்டிவிட்டுச் சீட்டைப் பார்த்து அவள் பேரை உரக்கக் கூப்பிடுவார். நாற்பது, ஐம்பது நாளுக்கு ஒரு தடவை. ஓடிபி அவள் நம்பருக்கு வரும் என்பதால் அந்த நம்பருக்கும் ரீசார்ஜ் போட்டுக்கொண்டே இருக்கிறேன். அவர் கூப்பிடும்போது நான் அடுப்படியில் ஒன்றும் செய்யாமல் நிற்பேன், இரண்டாவது தடவையும் கூப்பிடட்டும் என்று. மகள் அவள் அறையில் அப்படியே நிற்பாளாம். இது கவுன்சிலரிடம் அவள் சொல்லி, அவள் சம்மதத்தோடு அவர் எனக்குச் சொல்லி, நான் தெரிந்துகொண்டது.

இன்றைக்கு நாங்கள் இரண்டு பேருமே வாசலில் நிற்கிறோம், வண்டிச் சாவி கையில். அவருக்கு முகம் தெரியும். ஆனாலும் சீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார், வழக்கம்போல உரக்க.

"ஆமா, எங்கம்மாதான்" என்றாள் மகள். "அப்பா, ஓடிபி பாருங்க."